வாக்கெடுப்புக்கு வந்த ஒரு பாடல்

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 8, திங்கட்கிழமை. அன்று லண்டனில் மார்கரெட் தாட்சர் காலமானார். அன்று மாலை அதே நகரத்தின் விக்டோரியா பேலஸ் அரங்கில் 'பில்லி எலியட்' இசைநாடகம் நடைபெற வேண்டியிருந்தது. எட்டாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த நாடகம் அது. அதன் இரண்டாம் பாகம் 1984ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விருந்தோடு தொடங்குகிறது. ஒன்பது மாதங்களாகக் கூலியின்றி வேலைநிறுத்தத்தில் இருக்கும் சுரங்கத் தொழிலாளர்கள் தம் பிள்ளைகளோடு கூடி, தாட்சரின் உருவப் பொம்மையை முன்னிறுத்தி, அவரை ஏளனம் செய்து பாடுகிறார்கள். நாள் ஒவ்வொன்றும் அவருடைய மரணத்தை நெருங்கிக் கொண்டுவருகிறது என்று மகிழ்வதே அந்தப் பாட்டின் உட்கிடை. இப்போது அந்த மரணம் உண்மையிலேயே நேர்ந்துவிட்டது.

பாடலை நீக்குவதா, பாடுவதா? நாடகக் குழுவினர் பார்வையாளர்களிடமே கேட்டுவிடுவதென்று முடிவு செய்தனர். வாக்கெடுப்பு நடந்தது. அரங்கம் பெரும் ஆரவாரத்தோடு பாடலை ஆதரித்தது. எதிர்த்தவர்கள் மூவர் மட்டுமே என்று மறுநாள் செய்தித்தாள்கள் எழுதின. பாடல் பாடப்பட்டது.

நாடக வரலாற்றில் பார்வையாளர்கள் கூச்சலிட்டு நாடகத்தை நிறுத்திய கதைகள் பல உண்டு. மேடையை நோக்கிக் காய்கறிகள் பறந்த கதைகளும் உண்டு. ஆனால் ஒரு பாடலின் உயிரை அவர்கள் கையில் கொடுத்து, நீங்களே தீர்ப்பளியுங்கள் என்று கேட்ட நிகழ்ச்சி அரிது. அந்த மாலையில் லண்டன் அரங்கில் உண்மையில் எதன்மீது வாக்கெடுப்பு நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள, நாம் சற்றுப் பின்னால் செல்ல வேண்டும்.

*

பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்கள் 1947 ஜனவரி 1 அன்று நாட்டுடைமையாக்கப்பட்டன. இனி இவை மக்களின் சொத்து என்ற அறிவிப்புப் பலகைகள் சுரங்க வாயில்களில் நடப்பட்டன. அன்று ஏறத்தாழ 7 லட்சம் பேர் அத்தொழிலில் இருந்தனர். எண்ணெயும் எரிவாயுவும் வந்து சேர, அந்த எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போய், 1984இல் இரண்டு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் தேசிய நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களை மூடப்போவதாகவும், 20,000 வேலைகள் போகும் என்றும் அறிவித்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சங்கத்தின் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில், அரசு மூட நினைப்பது 20 சுரங்கங்களை அல்ல, எழுபதுக்கும் மேற்பட்டவற்றை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரசு அதை மறுத்தது. முப்பதாண்டுகள் கழித்து, 2014 ஜனவரியில் வெளியிடப்பட்ட அமைச்சரவை ஆவணங்கள், 75 சுரங்கங்களை மூடும் திட்டம் முன்னரே பேசப்பட்டிருந்ததைக் காட்டின.

வேலைநிறுத்தம் ஓராண்டு நீடித்தது. 1984 ஜூன் 18 அன்று ஆர்கிரீவ் என்ற இடத்தில் மறியல் செய்தவர்கள்மீது குதிரைப்படைக் காவலர்கள் பாய்ந்தனர். கைது செய்யப்பட்டவர்கள்மீது தொடுக்கப்பட்ட கலவர வழக்கு அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் நிற்காமல் விழுந்தது. ஜூலையில் தம் கட்சி உறுப்பினர்களிடையே பேசிய தாட்சர், ஃபாக்லாந்துப் போரில் வெளியே இருந்த எதிரியை வென்றதை நினைவூட்டி, இப்போது எதிரி உள்ளே இருக்கிறான் என்ற பொருளில் தொழிலாளர் தலைமையைச் சுட்டினார். சங்கம் கொடுக்காத வேலைநிறுத்தப் படியைக் கொடுத்ததாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு, குடும்பங்களுக்குரிய உதவித்தொகையில் அரசு அதைக் கழித்துக்கொண்டது. சுரங்க ஊர்களின் பெண்கள் பொதுச் சமையற்கூடங்கள் அமைத்து ஊருக்கே சோறிட்டனர். கிறிஸ்துமஸுக்குப் பிரான்சின் தொழிற்சங்கங்களிலிருந்து குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருட்கள் வந்தன. 1985 மார்ச் 3 அன்று, எந்த உடன்பாடும் இல்லாமல், சங்கம் தோல்வியை ஒப்புக்கொண்டது. இரு நாட்கள் கழித்துப் பல ஊர்களில் தொழிலாளர்கள் கொடிகளை ஏந்தி, பித்தளை வாத்தியங்கள் முழங்க, ஊர்வலமாகவே சுரங்கங்களுக்குத் திரும்பினர்.

இசைநாடகத்தில் வரும் கிறிஸ்துமஸ் விருந்து இந்தப் பசியின் நடுவே நடக்கிறது. இதை மறந்துவிட்டால் அந்தப் பாடல் வெறும் வசையாகத்தான் காதில் விழும்.

*

லீ ஹால் 1966இல் நியூகாசிலில் பிறந்தவர். வேலைநிறுத்தம் நடந்தபோது பள்ளிப் பருவத்தின் இறுதியில் இருந்தவர். அவர் எழுதிய திரைக்கதையை ஸ்டீபன் டால்ட்ரி இயக்க, 'பில்லி எலியட்' திரைப்படம் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. டர்ஹாம் வட்டாரத்தின் ஈசிங்டன் ஊரில் படமாக்கப்பட்டது. 1951இல் நேர்ந்த வெடிவிபத்தில் 83 உயிர்களைப் பறிகொடுத்த சுரங்கம் அவ்வூருடையது. அச்சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. திரைப்படக் குழு அங்கே போனபோது, எடுக்க வேண்டிய உலகம் ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தது.

கதை எளியது. தாயை இழந்த பதினொரு வயதுச் சிறுவன் பில்லி, குத்துச்சண்டை பழகப் போன இடத்தில் பாலே நடனத்தைக் கண்டடைகிறான். தந்தையும் அண்ணனும் வேலைநிறுத்தத்தில் இருப்பவர்கள். ஆண்பிள்ளை ஆடுவதாவது என்று சீறும் தந்தை, மகன் ஆடுவதை ஒருநாள் கண்ணால் கண்டபின், அவனை லண்டனுக்கு அனுப்பப் பணம் தேட, மறியலைக் கடந்து வேலைக்குப் போகத் துணிகிறார். கருங்காலி என்ற சொல்லைவிட இழிந்த சொல் இல்லாத ஓர் ஊரில், மகனுக்காக அந்தச் சொல்லை ஒரு தந்தை தன்மேல் எடுத்துக்கொள்ள முனையும் இடமே படத்தின் உச்சம். இறுதிக் காட்சியில் ஆண்டுகள் பல கடந்து, வளர்ந்த பில்லி லண்டன் மேடையில் பாய்ந்து எழுகிறான். அரங்கில் அமர்ந்திருக்கும் தந்தையின் மூச்சு ஒருகணம் நின்றுபோகிறது. படம் அங்கே முடிகிறது.

கான் திரைப்பட விழாவில் அப்படத்தைப் பார்த்து அழுதவர்களுள் ஒருவர் இசைக்கலைஞர் எல்டன் ஜான். தம் தந்தையின் அங்கீகாரம் கிடைக்காமலேயே வளர்ந்த தம் இளமையை அதில் அவர் கண்டார். இது இசைநாடகமாக வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. ஆக, இந்த நாடகமே ஒரு பார்வையாளரின் கண்ணீரிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

திரைப்படத்தின்மீது அன்றே ஒரு குறை சொல்லப்பட்டது. ஓர் இனமே தோற்றுக்கொண்டிருக்கும்போது, அதிலிருந்து தப்பிச் செல்லும் ஒருவனின் வெற்றியை நாம் கைதட்டி வரவேற்கிறோம். அப்படியானால் வேலைநிறுத்தம் அவனுடைய ஆட்டத்துக்கு வரைந்த பின்திரை மட்டும்தானா? தனிமனித முயற்சியே எல்லாம் என்று சொன்ன தாட்சரின் கொள்கைக்கே இப்படம் துணைபோகவில்லையா? இந்தக் கேள்வி நியாயமானது என்றே எண்ணுகிறோம். இசைநாடகத்தை உருவாக்கியவர்களும் இதை உணர்ந்திருக்க வேண்டும். மேடைக்கு வந்தபோது அவர்கள் செய்த மாற்றங்கள் அதற்குச் சான்று.

*

நாடகத்தை முதலில் வடக்கே, நியூகாசிலின் டைன் அரங்கில் அரங்கேற்றவே திட்டமிட்டிருந்தனர். அவ்வரங்கம் பண நெருக்கடியில் சிக்கியதால் அது கைகூடவில்லை. கதைக்குரிய மக்களின் முன்னால் நிகழ்ந்திருக்க வேண்டிய அரங்கேற்றம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. 2005 மார்ச் 31 அன்று முன்னோட்டக் காட்சிகள் தொடங்கின. மே 11 அன்று விக்டோரியா பேலஸில் முறையான தொடக்கம். பக்கிங்ஹாம் அரண்மனையும் நாடாளுமன்றமும் நடந்துபோகும் தொலைவில் இருக்கும் இடம் அது. அதற்கு ஆறு நாட்கள் முன்புதான் தொழிற்கட்சி மூன்றாம் முறையாகத் தேர்தலில் வென்றிருந்தது. ஆயினும் மூடிய சுரங்கங்கள் மூடியவையாகவே கிடந்தன.

இசை எல்டன் ஜான், நாடகமும் பாடல் வரிகளும் லீ ஹால், இயக்கம் டால்ட்ரி, நடன அமைப்பு பீட்டர் டார்லிங். திரைப்படத்தைச் செய்த அதே மூவர், ஐந்தாண்டுகள் கழித்து, அதே கதையை மறுபடியும் யோசித்தனர். திரைப்படத்தை மேடைக்குக் கொண்டுவருவோர் பொதுவாகப் படத்தின் புகழ்பெற்ற காட்சிகளை அப்படியே மேடையில் அடுக்கிவிட்டு, பார்த்ததையே பார்க்கும் மகிழ்ச்சியைப் பார்வையாளருக்கு விற்பார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை.

நாடகம் சுரங்கங்கள் நாட்டுடைமையான நாளின் பழைய செய்திப்படத்தோடு தொடங்குகிறது. தொடக்கப் பாடலின் தலைப்பு, ஏ. ஜே. கிரோனின் 1935இல் எழுதிய சுரங்க நாவலின் தலைப்பேதான். ஒரு சிறுவனின் கதைக்கு முன்பாக ஒரு சமூகத்தின் கதை மேடையில் அமர்ந்துவிடுகிறது. பிறகு வரும் ஒரு நீண்ட நடனத்தில் காவலர்களும் தொழிலாளர்களும் மோதிக்கொள்ளும் நடுவிலேயே, குட்டைப் பாவாடை அணிந்த பாலே வகுப்புச் சிறுமிகள் ஊடுபாவாக வந்து போகிறார்கள். மோதலும் பயிற்சியும் ஒரே தாளத்தில் நிகழ்கின்றன. திரைப்படத்தில் வெட்டி ஒட்டிக் காட்டியதை மேடை ஒரே வெளியில் ஒரே நேரத்தில் காட்டியது. முதல் பாகத்தின் இறுதியில், ஆடக்கூடாது என்று தடுக்கப்பட்ட பில்லி, காவலர்களின் கேடயச் சுவரின்மீது தன் உடலை மோதி மோதி ஆடுகிறான். சிறுவனின் கோபமும் ஊரின் கோபமும் அங்கே பிரித்தறிய முடியாதவை ஆகின்றன.

மிக முக்கியமான மாற்றம் முடிவில் இருக்கிறது. திரைப்படம் தந்த அந்த வெற்றிப் பாய்ச்சல் நாடகத்தின் முடிவாக இல்லை. வளர்ந்த பில்லி இடையில் ஒரு கனவாக மட்டும் வந்து, சாய்க்கோவ்ஸ்கியின் இசைக்குச் சிறுவனோடு சேர்ந்து ஆடிவிட்டு மறைகிறான். இறுதியில் வேலைநிறுத்தம் தோற்கிறது. தொழிலாளர்கள் மின்தூக்கியில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். அவர்களுடைய தலைக்கவச விளக்குகள் இருட்டிலிருந்து நேராகப் பார்வையாளரின் கண்களில் அடிக்கின்றன. அதன்பின் பில்லி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். அவன் வென்றானா என்பதை நாடகம் சொல்வதில்லை. அவர்கள் தோற்றார்கள் என்பதை மட்டும் ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது.

லண்டன் பார்வையாளர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்? சிறுவர்கள் வாயிலிருந்து வரும் சுரங்க ஊரின் கெட்ட வார்த்தைகளுக்குச் சிரித்தார்கள். இறந்த தாய் மகனுக்கு எழுதிவைத்த கடிதம் பாடலாக வரும்போது அழுதார்கள். ஆடும்போது உனக்குள் என்ன நிகழ்கிறது என்ற கேள்விக்குப் பில்லி ஆடியே விடைசொல்லும் இடத்தில் கரவொலி நாடகத்தை நிறுத்திவைத்தது. பில்லியாக மாறிமாறி நடித்த ஜேம்ஸ் லோமஸ், ஜார்ஜ் மகுவயர், லியாம் மோவர் என்ற மூன்று சிறுவர்களுக்கும் சேர்த்து 2006ஆம் ஆண்டின் ஒலிவியே விருது வழங்கப்பட்டது.

ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் பாடலுக்கு எழுந்த சிரிப்பு வேறு வகைப்பட்டது. லண்டனின் பெரிய அரங்குகளில் நல்ல இருக்கை வாங்குவது ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு எளிதன்று. அங்கே அமர்ந்திருந்தவர்களில் தாட்சர் கொண்டுவந்த காலத்தால் பயனடைந்தவர்கள் பலர் இருந்திருப்பர். அவருக்கு வாக்களித்தவர்களும் இருந்திருப்பர். அவர்களும் சிரித்தார்கள். தோற்றவர்களின் வசையைக் கேட்டு ரசிப்பது வென்றவர்களுக்கு எப்போதுமே இயலும். அது அவர்களுக்குச் செலவு வைப்பதில்லை. இந்த உறுத்தல் இந்நாடகத்தின் வெற்றியோடு கூடவே வந்தது.

நாடகத்தின் கடைசி நிமிடங்களில் இந்த உறுத்தல் இன்னும் வெளிப்படையாகிறது. தலைவிளக்குகள் கண்ணில் அடித்து, பில்லி போய்விட்டபின், திரை விழுந்து எழுகிறது. இப்போது தொழிலாளர்கள், காவலர்கள், கிழவி, தந்தை எல்லோரும் பாலே பாவாடை அணிந்து வந்து கும்மாளமாக ஆடுகிறார்கள். அதுவரை நெஞ்சில் வைத்த கல்லை அந்த ஆட்டம் மெல்ல எடுத்துவிடுகிறது. பார்வையாளர்கள் எழுந்து நின்று கைதட்டி, மகிழ்ச்சியோடு வெளியேறுகிறார்கள். இதை நாம் குறையாகவும் பார்க்கலாம். கலைஞர்கள் கொடுத்த கருணையாகவும் பார்க்கலாம். நகையும் அழுகையும் வெகுளியும் அடுத்தடுத்து எழும் ஓர் அரங்கில், எதைப் பார்வையாளரோடு வீட்டுக்கு அனுப்புவது என்பதை இயக்குநர்தான் தீர்மானிக்கிறார். டால்ட்ரி உவகையை அனுப்பினார்.

*

2008 நவம்பர் 13 அன்று நாடகம் நியூயார்க்கின் இம்பீரியல் அரங்குக்கு வந்தது. செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகியிருந்தது. நவம்பர் 4 அன்று ஒபாமா தேர்தலில் வென்றிருந்தார். வேலையும் வீடும் பறிபோகும் அச்சம் பரவியிருந்த ஒரு நகரத்தில், கால் நூற்றாண்டுக்கு முந்தைய பிரிட்டிஷ் வேலைநிறுத்தம் ஒன்று மேடையேறியது.

அமெரிக்கப் பார்வையாளருக்கு டர்ஹாம் வட்டார வழக்கு அந்நியம். ஸ்கார்கில் யார் என்பது பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தாட்சரை அவர்கள் ரீகனின் தோழியாக மட்டுமே அறிவர். ஆனால் 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ரீகன் ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பியதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை அவ்வளவு தொலைவானதாக இருந்திராது. லண்டனில் பழைய காயத்தின்மீது விரல் வைத்த நாடகம், நியூயார்க்கில் தந்தை மகன் கதையாகவும் புதிய அச்சத்தின் கதையாகவும் உருமாறியது. வரலாற்றை அறியாதவர்கள் முன்னால் வரலாற்று நாடகம் எப்படியும் ஒரு நீதிக்கதையாகிவிடுகிறது. இழப்பு இருக்கிறது, இருந்தும் அந்நீதிக்கதை அவர்களைத் தொட்டது. 2009இல் பத்து டோனி விருதுகள். பில்லியாக நடித்த டேவிட் அல்வாரஸ், டிரென்ட் கோவாலிக், கிரில் குலிஷ் மூவரும் சிறந்த நடிகர் விருதைக் கூட்டாகப் பெற்றனர். 2012 ஜனவரி 8 வரை 1,312 காட்சிகள் நடந்தன.

*

இப்போது மறுபடியும் 2013 ஏப்ரல் 8க்கு வருவோம்.

எட்டாண்டுகளாக அந்தப் பாடல் உயிருடன் இருந்த ஒருவரைப் பற்றியது. அதிகாரத்தை இழந்து, முதுமையில் தளர்ந்து வாழ்ந்த ஒருவரின் சாவை வேண்டியது. அன்று மாலை அதே சொற்கள் செய்தியாகிவிட்டன. வேண்டுதலாக இருந்தவரை மேடைக் கற்பனையின் பாதுகாப்பு அதற்கு இருந்தது. 1984இன் மனிதர்கள் 1984இல் பாடுகிறார்கள் என்று சொல்லிவிட முடிந்தது. அன்று மட்டும் அந்தச் சொற்கள் 2013இல் நின்று ஒலித்தன. ஓர் எண்பத்தேழு வயது மூதாட்டி இறந்து இருபத்து நான்கு மணிநேரம்கூட ஆகவில்லை. இறந்தவரை இகழாதே என்பது எல்லாச் சமூகங்களும் மதிக்கும் அறம். ஆகவே, பாடுவதா என்ற தயக்கம் கோழைத்தனமன்று.

ஆயினும் வாக்கெடுப்பு என்ற வழியைத் தேர்ந்தபோது, அவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்த வேலைநிறுத்தத்தின் ஆறாத புண்ணொன்றைத் தொட்டுவிட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1984இல் சங்கத்தின்மீது வைக்கப்பட்ட மிகப் பெரிய குற்றச்சாட்டு, நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது என்பதுதான். பாதுகாப்பான சுரங்கத்தில் இருப்பவன் மூடப்படவிருக்கும் சுரங்கத்தில் இருப்பவனின் வேலையை வாக்களித்துப் பறிக்கக்கூடாது என்பது சங்கத் தலைமையின் வாதம். வாக்கெடுப்பு இல்லையென்றால் வரமாட்டோம் என்று நாட்டிங்ஹாம்ஷயர் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து வேலைக்குப் போனார்கள். நீதிமன்றங்கள் அதையே காரணமாகக் காட்டின. செய்தித்தாள்கள் அதையே எழுதின. ஊர் ஊரோடும், உறவு உறவோடும் பேச்சற்றுப்போக அந்த நடத்தப்படாத வாக்கெடுப்பு காரணமாயிற்று. அந்தப் பிளவின் வடுக்கள் அவ்வட்டாரங்களில் தலைமுறைகள் தாண்டியும் தொடர்ந்தன.

இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, அந்தத் தொழிலாளர்களின் பெயரால் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் தொழிலாளர்கள் அல்லர்; நுழைவுச்சீட்டு வாங்கிய பார்வையாளர்கள். முடிவைப் பற்றி எவருக்கும் ஐயமும் இருந்திருக்க முடியாது. அந்நாடகத்தைப் பார்க்க வந்தவர்கள் அந்நாடகத்தைக் குறைத்துத் தரச்சொல்வார்களா? ஒரு நூறு கல் வடக்கேயோ, அல்லது லண்டனின் வேறொரு தெருவிலோ கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கக்கூடும். ஆகவே அதை நாட்டின் தீர்ப்பென்று கொள்வது பேதைமை. அதே ஏப்ரல் 17 அன்று, லண்டனில் அரச மரியாதைகளோடு தாட்சரின் இறுதி ஊர்வலம் சென்ற நாளில், யார்க்‌ஷயரின் கோல்ட்தோர்ப் என்ற பழைய சுரங்க ஊரில் அவருடைய உருவப் பொம்மையை ஊர்மக்கள் சவப்பெட்டியில் வைத்து எரித்தார்கள். அவர்கள் எவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. நாடகத்தின் கோபமும் அந்தத் தெருவின் கோபமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஒன்றுக்குக் கைதட்டியவர்கள் மற்றொன்றைக் கண்டு முகம் சுளித்தார்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், பாடலை வைத்துக்கொண்டது சரி என்றே நாம் கருதுகிறோம். அது ஆசிரியரின் கூற்று அன்று, பாத்திரங்களின் கூற்று. திரைப்படத்தில் அதே கிறிஸ்துமஸ் நாட்களில், குளிருக்கு விறகில்லாமல், இறந்த மனைவியின் பியானோவைத் தந்தை கோடரியால் பிளந்து அடுப்பில் போடுகிறார். அப்படிப்பட்ட நாட்களைக் கடந்தவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே படைக்கலம் ஏளனம். அவர்கள் ஓராண்டுப் பசியோடு தோற்றார்கள்; சுரங்கங்களை இழந்தார்கள்; ஊர்களை இழந்தார்கள். அவர்களுடைய வசையையும் நாகரிகத்தின் பெயரால் ஒருநாள் பறித்துக்கொண்டால், அன்று மேடையில் இருப்பது அவர்கள் அல்லர். அடக்கமான, யாருக்கும் தொல்லை தராத, நாம் விரும்பும்படியான ஏழைகள்.

ஆனால் எதிர்த்துக் கையுயர்த்திய அந்த மூவரையும் மறக்க இயலவில்லை. அவர்கள் தாட்சரின் ஆதரவாளர்களா, மரணத்தின்முன் மௌனம் வேண்டியவர்களா என்பதை எந்தச் செய்தியும் சொல்லவில்லை. ஆரவாரிக்கும் ஓர் அரங்கின் நடுவே மாற்றுக் கருத்தைச் சொன்னவர்கள் என்பது மட்டும் நிச்சயம். ஒன்றுபட்டு நிற்றலைப் பாடும் நாடகத்தில் தனித்து நிற்பதன் துணிவுக்கும் இடமிருக்கிறது. குத்துச்சண்டைக் கையுறையைக் கழற்றிவிட்டுச் சிறுமிகளின் வரிசையில் போய் நின்ற பில்லியும் தனித்து நின்றவன்தானே.

*

நாடகத்துக்கு எதிராகவும் பார்வையாளரின் பெயரால் பேசப்பட்டதுண்டு. 2018இல் புடாபெஸ்டில் ஹங்கேரி அரசு ஓபரா, எர்கெல் அரங்கில் 'பில்லி எலியட்'டை மறுபடியும் நடத்திக்கொண்டிருந்தது. அப்போது ஆர்பான் அரசுக்கு நெருக்கமாக இருந்த 'மஜார் இடோக்' நாளிதழில், இந்நாடகம் சிறுவர்களைத் தன்பாலீர்ப்புக்குத் தூண்டும் என்று ஒரு கட்டுரை வெளிவந்தது. ஓபராவின் தலைவர் சில்வெஸ்டர் ஓகோவாச் முதலில் நாடகத்துக்காக வாதாடினார். பின்னர், எதிர்ப்பிரசாரத்தால் சீட்டு விற்பனை சரிந்துவிட்டது என்று சொல்லி 15 காட்சிகளை ரத்து செய்தார். மூன்றாண்டுகள் கழித்து, 2021இல், சிறார் கண்ணில் தன்பாலீர்ப்பு படக்கூடாது என்னும் சட்டமே அந்நாட்டில் இயற்றப்பட்டது.

கதையில் பில்லி தன்பாலீர்ப்புள்ளவனாகச் சித்திரிக்கப்படவில்லை. அவனுடைய தோழன் மைக்கேல்தான் அப்படி. ஆடுகிறவன் ஆண்மகனா என்று கேட்பவர் நாடகத்தின் முதல் பாகத்துத் தந்தை. அந்தக் கட்டுரை அவருடைய கேள்வியை அப்படியே திருப்பிக் கேட்டது. ஒரு படிப்பறிவற்ற சுரங்கத் தொழிலாளி மூன்று மணிநேரத்தில் கடந்துவிடும் தூரத்தை, ஒரு நாளிதழின் எழுத்தாளரால் கடக்க முடியவில்லை. லண்டனில் பார்வையாளர்களிடம் கேட்டுவிட்டுப் பாடினார்கள். புடாபெஸ்டில் வராமற்போன பார்வையாளர்களைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். காலியான இருக்கையும் ஒரு வாக்குதான் போலும். ஆனால் அதை யார் காலியாக்கினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

*

2014 செப்டம்பர் 28 அன்று லண்டன் மேடையிலிருந்து நாடகம் நேரடியாகத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பப்பட்டது. 2005இல் முதல் பில்லிகளுள் ஒருவனாக ஆடிய லியாம் மோவர், அன்று வளர்ந்த பில்லியாக ஆடினார். திரையிலிருந்து மேடைக்குச் சென்ற கதை, மேடையிலிருந்து மீண்டும் திரைக்கு வந்து, அந்த வார இறுதியில் பிரிட்டனின் திரையரங்க வசூலில் முதலிடம் பிடித்தது. லண்டனுக்கு வந்து சீட்டு வாங்க இயலாதவர்கள் தத்தம் ஊர்களிலேயே பார்த்தார்கள்.

2015 டிசம்பர் 18 அன்று யார்க்‌ஷயரின் கெல்லிங்லி சுரங்கத்தில் கடைசி முறைவேலை முடிந்து தொழிலாளர்கள் மேலே வந்தார்கள். பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம் அது. அதன்பிறகு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு, நாடெங்கும் தலைவிளக்கோடு பூமிக்குள் இறங்கும் கரித்தொழிலாளர்களை ஒவ்வொரு மாலையும் காணக்கூடிய இடமாக விக்டோரியா பேலஸ் அரங்கின் மேடை இருந்தது. 2016 ஏப்ரல் 9 அன்று, 4,600 காட்சிகளுக்குப் பின், லண்டனில் நாடகமும் முடிவுற்றது.

அதே 2016இல் சுற்றுப்பயணக் குழு ஒன்று நாடகத்தை வடக்கே சண்டர்லாந்து நகருக்குக் கொண்டுசென்றது. டர்ஹாம் நிலக்கரி வட்டாரத்தின் கடைசிச் சுரங்கமான வியர்மவுத் 1993இல் மூடப்பட்டது அந்நகரில்தான். அச்சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கால்பந்து அரங்கம் நிற்கிறது. அதன் வாசலில் சுரங்கத் தொழிலாளர்களின் விளக்கு ஒன்று பெரிய நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. பதினோராண்டுகள் முன்பு பணமின்மையால் தவறிப்போன வடக்கின் சந்திப்பு, இவ்வாறு தாமதமாக நிகழ்ந்தது. தந்தையர் இறங்கிய அந்தக் குழிகளின் பெயர்களைத் தெரிந்து வைத்திருக்கும் பிள்ளைகளும் பேரர்களும் இருந்திருக்கக்கூடிய ஓர் அரங்கில், நாடகத்தின் முடிவில் தலைவிளக்குகள் இருட்டிலிருந்து எழுந்து அவர்கள் கண்களில் அடித்திருக்கும்.

லண்டனில் அந்த வெளிச்சம் பார்வையாளர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டது: நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்? சண்டர்லாந்தில் அதற்கு அவசியம் இருந்திராது. அங்கே அது, தன்னை அடையாளம் தெரிகிறதா என்று மட்டும் கேட்டிருக்கும்.